மூன்று பிரேக்

வெள்ளவத்தை,
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜனா எழுதுவது. நானும் ரூபிகாவும் பிள்ளை சாம்புவும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி? அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறீர்களா, அல்லது முடிந்துவிடுமே என்று போத்தலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா?

உங்களுக்குக் காது மந்தமான பிறகு போனில் கதைப்பது இரண்டு பேருக்கும் தண்டனையாகிவிட்டது. நான் கத்தினால் மேல்மாடிக்காரர் என்னவென்று கேட்டு இறங்கி வருகிறார். அதனால் பழையபடி கடிதம். ரூபி பக்கத்தில் நிற்கும்போது கதைக்க முடியாத விஷயங்களும் இருக்கத்தானே செய்கின்றன.

செய்தி இதுதான். நான் வண்டி கட்டுகிறேன். மோட்டார் போட்ட மூன்று சில்லு வண்டி. முன்பாதி பழைய மோட்டார் சைக்கிள், பின்பாதி கழித்துப்போட்ட ஓட்டோ. இரண்டையும் ஒட்டி, வலது கால் செய்யவேண்டிய வேலையைக் கைக்கு மாற்றிவிட்டால் என்னைப் போன்றவனும் வண்டி ஓடலாம். ஒட்டுகிறவன் முர்ஷித். மருதானையில் கராஜ் வைத்திருக்கிறான். போன வருஷம் பஸ் அடித்துக் கால் போய் நான் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன். கூலி வேண்டாம், சாமானுக்கு மட்டும் காசு கொடு என்கிறான்.

கொட்டாஞ்சேனையில் ஸவாஹிர் ஹாஜியாரின் மொத்தக் கடையில் கணக்கெழுத ஆள் வேண்டுமாம். ஹஜ் பெருநாள் வரை கதிரையை எனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பொய்க்காலோடு பஸ் ஏற முடியாது. தினமும் ஓட்டோவில் போனால் சம்பளம் ஓட்டோக்காரனுக்கே சரியாகிவிடும். வண்டி இருந்தால்தான் வேலை. வேலை இல்லாவிட்டால் ரூபி ஓமானுக்குப் போகப்போகிறாள். அங்கே வயோதிபர் இல்லமொன்றில் வேலைக்கு ஏஜென்சியில் பெயர் கொடுத்துவிட்டாள், பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. சாம்புவை யார் பார்ப்பது என்று கேட்டால் உடுப்பு மடிக்கிறாள்.

ஆகவே கையில் உள்ளதற்குள் கட்டி முடிக்கவேண்டும். மலிவாகக் கட்ட யோசனை இருந்தால் எழுதுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
ஜனா


கோண்டாவில்,
19.02.2024

என் தம்பி ஜனாவுக்கு,

அக்கா தவமலர் கொஞ்சம் நொண்டிக்கொண்டாலும் சுகமாகத்தான் இருக்கிறேன். எண்ணெய் இன்னும் அரைப்போத்தல் கிடக்கிறது. நீ நினைத்தது சரி. உன் கால் புண் ஆறிவிட்டதா? பொய்க்கால் உரசுகிற இடத்தில் ஈரம் நிற்க விடாதே. சாம்பு சாப்பிடுகிறாளா?

கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்து பென்சன் எடுத்தவளிடம் மலிவு பற்றிக் கேட்கிறாய். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். சீட் வாங்காதே. கந்தோர்களில் உடைந்த சுழல் கதிரைகளைக் கழிப்பார்கள். கால்தான் உடைந்திருக்கும், இருக்கை நன்றாக இருக்கும். புதுக் குழாய் வாங்காதே. விளம்பரப் பலகை கழற்றுகிறவர்களைப் பிடி. தகடு வேண்டுமென்றால் பழுதான பிரிட்ஜின் கதவை வெட்டு. எந்தச் சாமானையும் விலை கேட்ட அன்றைக்கே வாங்காதே. இரண்டு கடை ஏறி இறங்கி, வீட்டுக்குப் போய்ப் படுத்தெழும்பி, பிறகு வாங்கு. நம் வீட்டில் பிறந்தவனுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை.

ரூபிகா போகக்கூடாது ஜனா. அவள் போனால் சாம்பு என்னிடம்தான் வரவேண்டும். பிள்ளை அழுதால்கூட எனக்குக் கேட்காது. அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. பெருநாளுக்கு முன் வண்டியை றோட்டில் விடு.

ரூபிகாவை விசாரித்ததாகச் சொல்லு. குழந்தைக்கு என் முத்தம்.

உன் அக்கா,
தவமலர்


வெள்ளவத்தை,
17.03.2024

அன்பின் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். புண் ஆறிவிட்டது. உங்களுக்குப் பிரஷர் பார்த்தார்களா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நீங்கள் சொன்னபடியே நடக்கிறது. சீட் ஒரு வக்கீல் கந்தோரின் கழிவுக் கதிரை. பின்பக்கத் தகடு பிரிட்ஜ் கதவு. காந்தம் ஒட்டிய அடையாளம்கூட இருக்கிறது. குழாய் ஒரு நகைக்கடை விளம்பரத்தைத் தாங்கி நின்றது. முர்ஷித் வானில் என்னை ஏற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போவான். பழைய வாகனச் சாமான் விற்கும் கடைகள் அங்கே தெரு நீளத்துக்கு இருக்கின்றன. நான் பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு போவேன். வெயில் கண்ணைக் கூசுகிறது.

சில்லு இரண்டு நல்லதாக வந்தது. கடைக்காரன் விலையை ஓரளவு குறைத்தான். முர்ஷித் உருட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது நல்லா ஈக்கி. இதுக்கு மேல என்னத்தத் தேடப் போற?" என்றான். நான் வேண்டாம் என்றேன். இதைவிட மலிவாக வராமலா போகும்? அடுத்த கிழமையும் ஒன்று பார்த்தோம், அதுவும் சரிவரவில்லை. கடைக்காரன் எனக்குக் கேட்கக்கூடியதாகவே, "மே அய்யா கவதாவத் கன்னே நே" என்று பக்கத்துக் கடைக்காரனுக்குச் சிங்களத்தில் சொன்னான். நான் ஒருநாளும் வாங்கமாட்டேனாம். முர்ஷித்துக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு.

இங்கே சரியான வெக்கை. தெருப்பக்க ஜன்னலை நான் பூட்டியே வைத்திருப்பதால் ரூபி புறுபுறுக்கிறாள். பஸ் சத்தத்தில் வானொலி கேட்கவும் முடிவதில்லை, வேறொன்றும் இல்லை.

இங்ஙனம் அன்புடன்,
ஜனா


கோண்டாவில்,
02.04.2024

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன், பிரஷரும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பழகிவிட்டோம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கவேண்டும். இணுவிலில் இருந்து கொழும்புக்கு வரும் வரதராசாவிடம் பனம்பழப் பினாட்டும் எள்ளுப்பாகும் கொடுத்துவிட்டிருக்கிறேன். எள்ளுப்பாகு சாம்புவுக்கு, நீ கை வைக்காதே.

உன் கடிதத்தைச் சங்கக்கடைச் சிநேகிதிகளுக்கு வாசித்துக் காட்டினேன். நகைக்கடைப் பலகையில் வண்டி கட்டுகிறான் என்று எல்லோருக்கும் பெருமை. சில்லை விட்டது சரி. அவசரப்படுகிறவனிடம்தான் வியாபாரி காசு பிடுங்குவான். நீ கெட்டிக்காரன்.

ஆனாலும் சித்திரை வந்துவிட்டது. பெருநாள் எப்போது என்று கலண்டரில் பார்த்தேன், ஆனி நடுப்பகுதி. மனதில் வைத்துக்கொள்.

ஜன்னலைத் திறந்து வை. வெள்ளவத்தை வெக்கையில் பூட்டிய அறைக்குள் எப்படி இருக்கிறாய்? பஸ் போனால் போகட்டும்.

எல்லோருக்கும் புதுவருஷ ஆசீர்வாதம்.

அக்கா


வெள்ளவத்தை,
12.05.2024

அன்பின் அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்க வேண்டாம். எல்லோரும் நல்ல சுகம். உங்கள் சுகத்தையும் அறிய விருப்பம். எள்ளுப்பாகில் ஒன்று மட்டும் எடுத்தேன்.

சில்லை முர்ஷித்தே தேடிப் பிடித்துவிட்டான், வண்டி எழும்பி நிற்கிறது. முர்ஷித் இரவல் டயரும் சங்கிலியும் பற்றரியும் பூட்டி, கராஜ் ஒழுங்கைக்குள் ஒருதரம் ஓடிக் காட்டினான். நான் சீட்டில் இருந்து மட்டும் பார்த்தேன். உயரம் சரி. சாம்பு பின்னால் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

பிரேக் மட்டும் புதிதாக வாங்கினேன். முன்சில்லுக்கு ஒன்று, பின்சில்லு இரண்டுக்கும் ஒன்று. அது போதும் என்றான் முர்ஷித். இரண்டும் அறுந்தால் என்ன செய்வது என்று கேட்டு, கையால் இழுத்துப் பிடிக்க மூன்றாவது ஒன்றும் போடச் சொன்னேன். "மச்சான், நீ கட்டுறது வண்டியா, நங்கூரமா?" என்று சிரித்தான். அந்தப் பிரேக்கை இரண்டு தரம் மாற்றினோம். முதலில் வாங்கியது கொஞ்சம் இளகியது போல இருந்தது. பிறகு ஜப்பான் சாமான் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதையும் போய் வாங்கினேன். கடைக்காரன் சொன்னதைக் கொடுத்துவிட்டேன்.

இனி டயர்தான். புது டயர் வாங்கினால் வீண் செலவு. றீபில்ட் டயர் நல்லதாக வரும்வரை பொறுத்திருக்கிறேன். சங்கிலியும் விலை கூட. பற்றரியும் அப்படித்தான். ரூபி ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். பொறு, மலிவாக வரும் என்கிறேன்.

ஸவாஹிர் ஹாஜியார் ஆள் அனுப்பி விசாரித்தார். வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்,
ஜனா


கோண்டாவில்,
20.05.2024

ஜனா,

சுகம் விசாரிப்பதை இந்தமுறை கடைசியில் வைக்கிறேன்.

உன் கடிதங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். சில்லுக்கு விலை பேசுகிறாய், டயருக்கு விலை பேசுகிறாய், சங்கிலிக்கும் பற்றரிக்கும் விலை பேசுகிறாய். பிரேக்குக்கு மட்டும் கடைக்காரன் சொன்னதைக் கொடுத்திருக்கிறாய், அதுவும் திரும்பத் திரும்ப. சங்கக்கடையில் இருந்த காலத்தில் சனம் சாமான் வாங்குவதைப் பார்த்தே என் வாழ்க்கை போனது. அரிசிக்கும் சீனிக்கும் சண்டை பிடிக்கிற மனுஷி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தின் விலையைக் கேட்காமல் காசை வைத்துவிட்டு ஓடுவாள். விலை கேட்காமல் வாங்குகிறவர்கள் பயந்துபோனவர்கள்.

வானில் கண்ணை மூடிக்கொண்டு போகிறாய். ஜன்னலைப் பூட்டி வைத்திருக்கிறாய். முர்ஷித்தான் ஓடினான், நீ இருந்து பார்த்தாய். தம்பி, உனக்குப் பயமாக இருக்கிறதா?

இருந்தால் சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. நான் உன்னைக் கெட்டிக்காரன், சிக்கனக்காரன் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அதை நினைக்க என் மேலேயே கோபம் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

அக்கா


வெள்ளவத்தை,
26.06.2024

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

ரூபிகா எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எங்களுக்கு உடம்பு சுகம், வீடுதான் சுகமில்லை. இவர் உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து அது இவருடைய தலையணைக்குக் கீழே கிடக்கிறது. நான் வாசிக்கவில்லை.

பெருநாளுக்கு முந்தின கிழமை முர்ஷித் அண்ணா பொறுமை கெட்டு, தன் கைக்காசில் டயரும் சங்கிலியும் பற்றரியும் போட்டு வண்டியை எங்கள் பிளாட்டின் வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஒரு குறையும் இல்லை. சாம்பு பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னால் ஏறினாள். இவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார், பிறகு நிற்பாட்டினார். "நாளைக்குப் பாப்பம்" என்றார்.

அடுத்த நாள் நான் சந்தையால் வந்து பார்க்கிறேன், நிலத்தில் இருந்து பின்பக்க அச்சைக் கழற்றி முடித்துவிட்டார். ஒரு ஓட்டோவில் ஏற்றிப் பஞ்சிகாவத்தைக்கு அனுப்பிவிட்டார், விற்க. வண்டி நாரி முறிந்த மாதிரிக் குந்திக்கொண்டு இருந்தது. என்னவென்று கேட்டால், "அது கூட விலைக்கு எடுத்தது. இதைவிட மலிவா ஒண்டு வரும்" என்கிறார்.

மச்சாள், வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். கஞ்சன் என்றேன். பெண்சாதி பிள்ளையைவிட உங்களுக்கு அஞ்சுசதம் பெரிசோ என்று கேட்டேன். இவர் கழற்றிய நட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பெருநாள் முடிந்தது. ஹாஜியார் வேறு ஆளை எடுத்துவிட்டார். நான் ஏஜென்சியில் கையெழுத்து வைத்துவிட்டேன், இரண்டு வருஷம். புரட்டாதியில் பயணம். சாம்புவை ஆவணி விடுமுறையோடு உங்களிடம் கொண்டுவந்து விடுகிறேன். வேறு வழி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. முகம் பார்த்துக் கதைத்தால் நீங்கள் உதடு பார்த்து விளங்கிக்கொள்வீர்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பணிவுடன்,
ரூபிகா


கோண்டாவில்,
02.07.2024

ஜனா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

ரூபிகா எழுதினாள். நான் கேட்டதை அவளுக்குச் சொல்லவில்லை, உன்னைக் கேட்காமல் சொல்லவும் மாட்டேன். வேலை போனது போகட்டும். அவள் போவாள், சாம்பு இங்கே வருவாள். பிறகு அந்தப் பூட்டிய ஜன்னலுக்குப் பின்னால் நீ தனியாக இருப்பாய். என் பயம் இப்போது அதுதான். சோறு வாங்கக்கூடக் கீழே இறங்காமல் இருந்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன். நீ கதவைத் திறக்கவில்லை என்று யாராவது எனக்குப் போன் எடுத்தால், அதுவும் எனக்குக் கேட்காது.

வண்டி ஓடு என்று சொல்ல வரவில்லை. எனக்கு எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


வெள்ளவத்தை,
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உங்களைப் பயப்படுத்தியதற்கு மன்னிக்கவேண்டும். உங்கள் உடம்பு எப்படி?

ஓம். பயம்தான்.

இதை எழுத இரண்டு மாதம் எடுத்திருக்கிறது. பஸ் நிற்கும்போது காற்று விடுகிற ஒரு சத்தம் இருக்கிறதே, அன்றைக்குப் பம்பலப்பிட்டியில் கடைசியாக எனக்குக் கேட்டது அதுதான். பிறகு கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. இந்த பிளாட்டுக்கு எதிரே பஸ் தரிப்பிடம். நாள் முழுக்க அந்தச் சத்தம். ஜன்னலைப் பூட்டினாலும் வயிற்றுக்குள் கேட்கிறது. வானில் போகும்போது கண்ணை மூடுவேன், பக்கத்தில் பஸ் வந்தால் சீட்டுக்கு அடியில் கையை விட்டு இரும்பைப் பிடித்துக்கொள்வேன். முர்ஷித் கண்ணாடியில் பார்த்திருப்பான். ஒன்றும் கேட்டதில்லை.

முதலில் உண்மையாகவே காசைத்தான் பார்த்தேன். பங்குனியில் அந்தச் சில்லை வேண்டாம் என்றபோது நெஞ்சு லேசாகிவிட்டது. அப்போதுதான் விளங்கியது. விலை கூட என்று சொன்னால் ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். நம் ஆட்களிடம் அதைவிட நல்ல சாட்டு இல்லை. நீங்கள் கெட்டிக்காரன் என்று எழுதினீர்கள். ரூபி கஞ்சன் என்று ஏசினாள். ஏசும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பயந்தவன் என்று அவள் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அன்றைக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன், கை பிரேக்கை விடமாட்டேன் என்றது. மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பின்னால் சாம்பு பையோடு இருந்து, "அப்பா, போங்கோவன்" என்றாள். அவள் இருக்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் பஸ் வந்து அடிக்கும் என்று தோன்றியது. அடுத்த நாள் அச்சைக் கழற்றினேன். கழற்றும்போது கை நடுங்கவே இல்லை.

ரூபி போகிறாள். என் பயத்தால்தான் போகிறாள். இப்போது சொன்னாலும் அவள் கையெழுத்து வைத்தது வைத்ததுதான், நிற்க முடியாது. சொன்னால் என்னைப் பற்றிய கவலையையும் சேர்த்துக் கொண்டுபோவாள். கோபத்தோடு போனால் அங்கே நித்திரையாவது கொள்வாள். அவளுக்குச் சொல்லவேண்டாம். இதை மட்டும் செய்யுங்கள்.

உங்கள் தம்பி,
ஜனா


வெள்ளவத்தை,
29.09.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்களுக்கும் என் சாம்புவுக்கும் சுகம் கிடைக்கட்டும். புதுப் பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிறாளா? கத்திரிக்காய் சாப்பிடுகிறாள் என்று எழுதியதை என்னால் நம்ப முடியவில்லை.

ரூபி வியாழக்கிழமை போய்விட்டாள்.

சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆவணியில் முர்ஷித் அந்த அச்சைத் திரும்ப வாங்கிவந்து பூட்டினான். வாங்கிய விலை, நான் விற்றதைவிடக் கூட. ஏசுவான் என்று பார்த்தேன். "ஓடாட்டியும் பரவாயில்ல, முழுசா நிக்கட்டும்" என்றான். அது கீழே அப்படியே நின்றது. நானும் இறங்கிப்போய்த் தூசி தட்டுவேன், ஏறி வருவேன்.

வியாழன் காலை ஏஜென்சி வானில் ஏற மருதானைக்குப் போகவேண்டும். ஓட்டோ வந்து நின்றது. ரூபி சூட்கேசை ஏற்றிவிட்டு ஏறப்போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சூட்கேசை இறக்கி, ஓட்டோக்காரனுக்குச் சிங்களத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள். "நீங்க கொண்டுபோய் விடுங்கோ. இதுக்காகத்தானே இவ்வளவு நாளும் மிச்சம் பிடிச்சனீங்கள்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். நான் மறுக்க விலையைச் சாட்டாகச் சொல்ல முடியாது. எல்லாச் சாமானும் பூட்டியிருந்தது.

மரைன் டிரைவ் வழியாக, நடக்கிற வேகத்தில் ஓடினேன். கடற்கரைப் பக்கம் பரவாயில்லை. பம்பலப்பிட்டியில் காலி வீதியைக் கடக்கத்தான் வேண்டும். பக்கத்தில் பஸ் வந்து நின்று அந்தக் காற்றை விட்டது. எனக்குக் கண் இருட்டியது, வாய்க்குள் கசந்தது. மூன்று பிரேக்கையும் பிடித்துவிட்டேன். பின்னால் எல்லோரும் ஹோன் அடித்தார்கள். ஒரு பொலிஸ்காரன் கையைக் காட்டினான். பிறகு எப்படி விட்டேன் என்று தெரியவில்லை, விட்டேன், வண்டி போனது.

ரூபிதான் சரியாகப் பயந்துவிட்டாள். அந்த இடத்தில் இருந்து மருதானை வரை என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "பயப்பிடாதையும், நான் இருக்கிறன்" என்று சொன்னேன். நல்லவேளை, எனக்கு நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

அவள் போன பிறகு முர்ஷித் கராஜில் பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். தனியாக. பின்னுக்குப் பாரம் இல்லாமல் வண்டி பள்ளங்களில் துள்ளியது. பயம் போகவில்லை அக்கா, அது அப்படியே இருக்கிறது. ஆனால் வெள்ளியும் ஓடினேன். ஸவாஹிர் ஹாஜியாரின் தம்பிக்கு ஜிந்துப்பிட்டியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. சம்பளம் குறைவு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

சாம்புவுக்கு என் முத்தங்கள். அப்பா வண்டி ஓடுகிறார் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
ஜனா


மஸ்கட்,
20.10.2024

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

ரூபிகா எழுதுகிறேன். நான் நல்லபடி வந்து சேர்ந்தேன். வேலை கடினம்தான், ஆனால் சாப்பாடும் படுக்கையும் ஒழுங்கு. நீங்களும் சாம்புவும் சுகம் என்று வீடியோவில் பார்த்தேன். நீங்கள் கைகாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள், உங்களுடன் ஒன்றும் கதைக்க முடியவில்லை. இதைப் போனில் கதைக்கவும் முடியாது.

வெளிக்கிட்ட அன்று இவருடைய வண்டியில்தான் போனேன். உங்களுக்கு எழுதியிருப்பார். கோபத்தில்தான் ஏறினேன். மச்சாள், காலி வீதியில் ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. இவருடைய முதுகு முழுவதும் நடுங்கத் தொடங்கியது. சேட் தண்ணீரில் தோய்த்த மாதிரி நனைந்துவிட்டது. மூச்சு விடவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சில்லு, டயர், அச்சு, ஜன்னல், எல்லாம். இத்தனை மாதமும் பக்கத்தில் படுத்தெழும்பிய எனக்கு விளங்கவில்லை. கஞ்சன் என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். நான் போகவில்லை, திரும்புங்கோ என்று சொல்லலாமா என்றும் நினைத்தேன். சொல்ல முடியாது, கையெழுத்து வைத்தாகிவிட்டது. இறங்கினால் இவர் இனி ஒருநாளும் அதில் ஏறமாட்டார் என்றும் தெரிந்தது. நான் இல்லாத வீட்டில் அவர் தனியாக இருக்கப்போகிறவர்.

அதனால் இரண்டு கையாலும் அவரைக் கட்டிப்பிடித்து, என் கையை வேண்டுமென்றே நடுங்க விட்டேன். "எனக்குப் பயமாக் கிடக்குது, மெதுவா ஓடுங்கோ" என்றேன். அவர் மூச்சை விட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, "பயப்பிடாதையும், நான் இருக்கிறன்" என்றார்.

மருதானை வரை கையை நடுக்கிக்கொண்டே போனேன். அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

சாம்புவைக் கட்டியணைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ரூபிகா